ஒற்றைக்கல் சுவரும் ஐந்து ஸ்பீக்கரும்

சுரேஸின் வீட்டு முன்னறையில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பாஸ் பெட்டியும் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தன. ஓட்டலில் அவனோடு வேலை செய்த திலீபன் கனடாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை அவை. கொடுத்த புண்ணியவான், அவற்றைப் பேச வைக்கும் ரிசீவரை மட்டும் தன் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். படத்தின் சத்தத்தைப் பிரித்து, பேச்சை நடுவுக்கும், பாட்டை இரு பக்கத்துக்கும், மழையையும் துப்பாக்கியையும் நம் முதுகுக்குப் பின்னாலும் அனுப்பி வைப்பது அந்த ரிசீவர்தான். அது இல்லாமல் ஸ்பீக்கர் வைத்திருப்பது அடுப்பில்லாத வீட்டில் சட்டி வைத்திருப்பது போல. அவன் மனைவி கிருஷாந்தி பொறுமைசாலி. உயரமான இரண்டின் மேலும் பூச்சாடி வைத்துவிட்டு, பாஸ் பெட்டியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

ஒரு ரிசீவர் வாங்கினால் போயிற்று. ஆனால் சுரேஸ் அதை வாங்காமல் இழுத்தடித்ததற்குக் காரணம் சுவர்.

மஹய்யாவையில் அவன் அப்பா கட்டிய வீட்டை அண்ணன் தம்பி இருவருக்குமாக இரண்டாகத் தடுத்தபோது எழுப்பிய சுவர் அது. ஒற்றைக் கல், அதன் மேல் மெல்லிய பூச்சு. அந்தப் பக்கம் அண்ணன் இராமகிருஷ்ணன் தும்மினால் இந்தப் பக்கம் கிருஷாந்தி, "நூறு ஆயுசு" என்பாள். அப்படிச் சொல்லிப் பழகிய வாய், இந்த இரண்டு வருடமாகச் சொல்வதை நிறுத்தியிருந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர்களுக்கு வரவில்லை. சுரேஸின் மகள் நிருஷா பெரிய மனுசியாகிச் சடங்கு வைத்தபோது, அவனும் கிருஷாந்தியும் கட்டுகஸ்தோட்டை, கலகெதர என்று அலைந்து, ஒவ்வொரு வாசலாக ஏறி, வெற்றிலை வைத்து அழைத்தார்கள். பக்கத்துக் கதவை மட்டும் தட்டவில்லை. ஒரே வீடு, ஒரே இரத்தம், அண்ணனுக்கு அழைப்பு எதற்கு என்று சுரேஸ் நினைத்தான். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இராமகிருஷ்ணன் புதுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, தம்பி எப்போது வந்து கூப்பிடுவான் என்று காத்திருந்தார். அவர் தபால்காரர் வேறு. ஊரில் உள்ள கலியாணக் கார்டையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். தம்பி வீட்டு விசேஷத்துக்குத் தன் வாசலில் ஒரு ஆளும் வந்து நிற்கவில்லை என்பது அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. சடங்கன்று அவர் லீவு போடாமல் தபால் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தம்பியை எதிரே கண்டால் வானத்தைப் பார்ப்பார்.

சுரேஸுக்கு அது பெரிய வலி. வெளியே சொல்ல மாட்டான். ஆனால் பஸ்ஸில் காக்கிச் சட்டையும் தபால் பையும் தெரிந்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பான்.

"இந்தச் சாமான வாங்கி மாட்டுனீங்கன்னா, இருக்கிற கொஞ்சநஞ்ச ஒறவும் போயிரும்" என்றாள் கிருஷாந்தி. "ஒங்க மதினி மட்டுந்தான் எங்கூட ஒரு வார்த்த பேசுறாக. அதையும் கெடுத்துறாதீங்க."

"மெதுவா வச்சிக் கேப்போம் புள்ள."

"மெதுவா வச்சிக் கேக்கிறதுக்கு எதுக்கு அஞ்சு ஸ்பீக்கரு?"

அவள் சொன்னது நியாயந்தான். இருந்தாலும் ஆசை யாரை விட்டது? ஒரு சனிக்கிழமை காலையில் மடவளை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

மடவளையில் பழைய சாமான் விற்கும் ஸிபானின் கடை முழுக்க ஜப்பானில் பாவித்துக் கழித்த ரிசீவர் பெட்டிகள். ஸிபான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். எல்லாமே சுரேஸுக்கு அமிர்தமாக இருந்தது. ஒன்றில் பாஸ் நெஞ்சை உலுக்கியது, ஒன்றில் பாடகர் மூச்சு விடுவது கூடக் கேட்டது. கேட்கக் கேட்க அவனுக்குக் குழப்பந்தான் கூடியது.

"அண்ண, கடையில கேட்டு எடுக்காதீங்க" என்றான் ஸிபான். "கடையில எல்லாம் நல்லாத்தான் கேக்கும். ஊட்டுக்குக் கொண்டு போய் ஒரு கெழம வச்சிப் பாருங்க. சரி வராட்டி மத்தத எடுத்துப் போங்க. ஒங்கட ரூம் எப்பிடி? நீளமா? சோபா செவத்தோட ஒட்டியா ஈக்கிது?"

"ஒட்டித்தான். பின்னால உள்ள ரெண்டையும் அந்தச் செவத்துலதான் மாட்டணும். வேற எடம் இல்ல."

"செவத்துக்கு அங்கால என்த?"

"ஒண்ணுமில்ல" என்றான் சுரேஸ். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஸிபான் ஒரு பழைய ஜப்பான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். அம்மிக்கல் கனம். அதன் கரண்ட் நம் ஊர்க் கரண்டுக்குப் பாதிகூட இல்லை என்பதால், குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்போமரும் கூட வந்தது. த்ரீவீல்காரன் ஏற்றி இறக்குவதற்குள் பெருமூச்சு விட்டான்.

மறுநாள் ஞாயிறு பிற்பகல். சாப்பாடு முடிந்து, புருசனும் பெண்டாட்டியும் மகளும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் படம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படத்தில் மழை பிடித்தது. அப்பாடா, அது மழை! தலைக்கு மேலே தகரத்தில் விழுந்து, முதுகுப் பக்கம் சொட்டி, இடமிருந்து வலமாக இடி உருண்டது. கிருஷாந்தி தன்னை மறந்து எழுந்து, "ஐயோ, துணி!" என்று வாசலுக்கு ஓடினாள்.

வெளியே பளிச்சென்று வெயில். ஆனால் வெளியே ஓடி வந்தவள் அவள் மட்டுமில்லை. பக்கத்துக் கொடியில் இராமகிருஷ்ணனின் மனைவி அங்கம்மா, காய்ந்த சேலைகளை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளி முடித்த பிறகுதான் வானத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த துணியைப் பார்த்தாள். பிறகு கிருஷாந்தியைப் பார்த்தாள். துணியோடு உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி பட்டென்று நின்றது. பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுரேஸ் ரிமோட்டை எடுத்தான். படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

"கோவத்துல டீவியவே நிப்பாட்டிட்டாக" என்றாள் கிருஷாந்தி. "நான் அப்பவே சொன்னேன்ல?"

மறு சனிக்கிழமை அம்மிக்கல் மடவளைக்குத் திரும்பிப் போனது. "சத்தம் கூடப் போச்சு" என்று மட்டும் சொன்னான். ஸிபான் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு புது மாடல் பெட்டியைக் கொடுத்தான். மெல்லியது, அழகானது. மைக் ஒன்றை நடு அறையில் வைத்தால் அதுவே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் கீச்சிட்டுப் பார்த்து அளவைத் தீர்மானிக்கும். அது தீர்மானித்தது போதாதென்று, சுரேஸ் பின்பக்கத்து இரண்டையும் தன் பங்குக்கு இன்னும் குறைத்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை விட்ட இடத்திலிருந்து போட்டார்கள். பேச்சு கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மழை மட்டும் யாரோ தூரத்தில் அரிசி களைவது போலக் கேட்டது. போகட்டும், அண்ணனுக்குத் தொந்தரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கடைசிக் கட்டம். இருட்டில் யாரோ பின்னால் ஓடுகிறார்கள். துப்பாக்கி வெடித்தது. சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே. படம் முடிகிற நேரத்தில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தால், சாரமும் பெனியனுமாக இராமகிருஷ்ணன்.

சுரேஸ் கதவைப் பிடித்தபடி நின்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனின் முகம் இவ்வளவு பக்கத்தில். மீசை நன்றாக நரைத்திருந்தது. திட்டினாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்தான்.

"யாருடா செத்தது?" என்றார் அண்ணன்.

"அண்ணே?"

"படத்துலடா. ஓடுறது கேட்டுச்சு. சுட்டது கேட்டுச்சு. பேச்சுத்தான் ஒரு எழவும் வெளங்கல. போன கெழம பாதியில வேற நிப்பாட்டிட்ட. ஒரு வாரமா மண்ட வெடிக்குது. ஹீரோவா செத்தான்?"

"இல்லண்ணே. இன்ஸ்பெக்டரோட மாமனாரு."

"அவனா?" இராமகிருஷ்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. "சரி, போவட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டு எட்டி உள்ளே பார்த்தார். "இது வேற பெட்டியா?"

"ஆமாண்ணே."

"அதான பாத்தேன். போன கெழமத்ததுதான்டா சாமான். அந்த மழை! இதுல மழையே பத்தல."

"அன்னைக்கு நீங்க டீவிய நிப்பாட்டுனீங்களே, நாங்க கோவம்னுல்ல நெனச்சோம்?"

"எங்க டீவி சத்தத்துல இது கேக்கல. அதான் நிப்பாட்டுனேன்."

பின்னாலேயே அங்கம்மாவும் வந்துவிட்டாள். "சோத்தப் போட்டு வச்சிட்டுக் கூப்புடுறேன், அசையல மனுசன். கட்டில்ல செவத்துப் பக்கம் சாஞ்சிக்கிட்டு, 'பேசாம இரு, ஆளு வாறான், ஆளு வாறான்'ங்கிறாக. யாரு வாறான்னு கேட்டா அவுகளுக்கும் தெரியல."

கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிருஷா சோபாவை விட்டு எழுந்து, "பெரியப்பா, உக்காருங்க" என்றாள். இராமகிருஷ்ணன் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று தம்பியைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"நீ அன்னைக்கு வந்து ஒரு வார்த்த கூப்புட்டிருக்கணும்டா."

"ஆமாண்ணே."

"வேத்தாளுக்கெல்லாம் வெத்தில வச்ச."

"நீங்க வேத்தாளு இல்லன்னுதான்..." என்று தொடங்கிய சுரேஸ் நிறுத்திக்கொண்டான். இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த நியாயம் அது. அண்ணன் முகத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. "தப்புத்தாண்ணே."

"இன்னைக்கும் நீ கூப்புடல. நானாத்தான் வந்து நிக்கிறேன்."

"ஆமாண்ணே."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல், வாசற்படியில் இறங்கி அண்ணனின் கையைப் பிடித்து, "உள்ள வாங்கண்ணே. மதினி, வாங்க" என்றான். இராமகிருஷ்ணன் படியேறி வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதல்லேருந்து போடு" என்றார். அன்று அந்தப் படத்தை இன்னொரு முறை முழுவதுமாகப் பார்த்தார்கள். மாமனார் செத்தபோது அவர் மட்டும் மிகவும் வருத்தப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்த மெல்லிய பெட்டியோடு மடவளைக்கு இரண்டு பேராகப் போனார்கள். ஸிபானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் கூட என்று திருப்பிக் கொடுத்ததையே வந்து கேட்கிறார்கள். சரி, வந்ததுதான் வந்தார்கள் என்று, புதிதாக வந்திருந்த இன்னும் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினான். இராமகிருஷ்ணன் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

"தம்பி, முன்னால உள்ளது எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. பின்னால உள்ள ரெண்ட மட்டும் போடுங்க."

"அது என்தக்கு அண்ண? பேச்சே கேக்காதே."

"எனக்கு அப்பிடிக் கேட்டுத்தான் பழக்கம்."

ஸிபான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இத்தனை வருடத்தில் இப்படி ரிசீவர் தெரிவு செய்த ஆளை அவன் கண்டதில்லை. இருந்தாலும் நிறுத்தினான். இராமகிருஷ்ணன் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, மூன்றையும் மாறி மாறிக் கேட்டார். மழை, காக்கை, காலடி, இடி. கடைசியில் திரும்பி அம்மிக்கல்லைக் காட்டினார். சுரேஸ் அதையே எடுத்தான். ஒரு பக்கம் அண்ணனும் ஒரு பக்கம் தம்பியுமாகத் தூக்கி த்ரீவீலில் ஏற்றினார்கள்.

வீட்டில் வயர்களைப் பூட்டி முடித்து, டிரான்ஸ்போமரைக் கொளுவி, சுரேஸ் நிமிர்ந்தபோது, அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சோபாவுக்கு மேலே சுவரில் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டையும் கழட்டு" என்றார்.

சுரேஸின் முகம் சுருங்கிவிட்டது. "ஏண்ணே, அந்தப் பக்கம் சத்தமா இருக்கும்னா? கொறச்சி வைக்கிறேன்."

"கொறைக்காத." இராமகிருஷ்ணன் சோபாவின் ஒரு தலைப்பைப் பிடித்து முன்னால் இழுக்கத் தொடங்கினார். "சோபா முன்னால வந்தா ரெண்டு பக்கமும் எடம் வரும், அங்க மாட்டு. செவத்தோரம் எங்க வீட்டுக் கதிரை ரெண்டப் போடணும். எல்லாரும் இங்கதான வந்து இருக்கப் போறோம், அந்தப் பக்கம் கேக்கிறதுக்கு யாருடா இருக்கா?"

சுரேஸ் சோபாவின் மறு தலைப்பைப் பிடித்தான்.