ஐந்து பங்கு

எங்கள் முதலாளியின் மாப்பிள்ளை ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். போனவர் சும்மா வந்திருக்கலாம். நானோத் தூள் ஒரு டின் வாங்கிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கண்காட்சி அட்டையைக்கூடக் கழற்றாமல் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் நானோ மாப்பிள்ளை. அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் மரச்சில்லில் பசை தெளித்து, சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பலகை செய்கிறவர்கள். அந்தப் பலகையை ஊறவைத்து, இழுத்து, உடைத்துப் பார்ப்பது என் வேலை. தூளைக் குறை சொல்லமாட்டேன். பசைக்குள் சீராகப் பரவினால், சில்லுகளுக்கு இடையிலுள்ள இடுக்கெல்லாம் புகுந்து பிடித்துக்கொள்கிறது. நூறு பங்கு பசைக்கு ஒரு பங்கு தூள், வேகக் கலக்கியில் ஒரு மணி நேரம். அப்படிச் செய்த பலகை தண்ணீரில் கிடந்தும் உப்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"ஒரு பங்குக்கே இவ்ளோ பலம்னா, அஞ்சு பங்கு போட்டா?"

"கட்டி தட்டிடும் சார். பசை கூழா போயிடும், சில்லுல பரவாது."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். கலக்குறதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்? பத்து நிமிஷம் போதும்."

தன் டீயில் சர்க்கரையைக்கூட அடுத்தவர் கலக்கிக் கொடுத்துக் குடிக்கிறவர், கலக்குவதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். முதலாளி என்ன செய்வார்? பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே. "அதான் மாப்பிள்ளை சொல்றார்ல" என்று தலையாட்டிவிட்டார்.

ஐந்து பங்குப் பலகையில் முதலில் செய்தது, ஒரு குழந்தைகள் இல்லத்துக்கான அடுக்குக் கட்டில். மேல்தட்டில் ஒரு பிள்ளை, கீழ்த்தட்டில் ஒரு பிள்ளை. மேல்தட்டு விட்டுப்போனால் யார் தலையில் விழும் என்று தெரிந்துகொள்ளக் கண்காட்சிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு விதப் பலகையிலும் ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் இல்லத்தை நடத்தும் அம்மா கட்டில் பார்க்க வந்தார். மாப்பிள்ளை ஷூவோடு மேல்தட்டில் ஏறி நின்று, குதித்தும் காட்டினார். காய்ந்த பலகை, தாங்கியது. கோட்டையைப் பிடித்தவர் மாதிரி இறங்கி வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் வாளியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். ஒரு பங்குத் துண்டு போட்டபடியே இருந்தது. ஐந்து பங்குத் துண்டு பொதபொதவென்று ஊதி, எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்தது.

மாப்பிள்ளை சிரித்தார். "கட்டிலை யாரு மேடம் தண்ணில ஊறப் போடப் போறா?"

இல்லத்து அம்மா சிரிக்கவில்லை. "எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் படுக்கையை நனைக்கிறவங்க, தம்பி."

"அதுக்கென்ன, ரப்பர் ஷீட் போட்டுக்கலாம்."

"உங்க வீட்டுக் குழந்தை எதுல படுக்குது?"

"என் பொண்ணா? அவளுக்குத் தேக்குக் கட்டில், மேடம்" என்றார். அதைப் பெருமையாகவே சொன்னார். இப்படி ஒரு பிறவி!

முதலாளி சூதுவாது தெரியாதவர். மாப்பிள்ளைக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்து முன்னால் வந்தார்.

"தேக்கு எதுக்கு மாப்பிள்ளை? இதுல ஒண்ணை இன்னிக்கே உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன். பேத்தி மேல்தட்டுல படுக்கட்டும்."

"வேணாம் மாமா!"

யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. ஐந்து பங்கைப் பற்றி அவர் பேசிய பேச்சிலேயே உண்மை அது ஒன்றுதான்.

"ஏன் வேணாம்?" என்றார் முதலாளி.

மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் போனது. அட்டை அங்கே இல்லை. முதலாளி மேசையில் உதிர்ந்து கிடந்ததை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும்மா."

இல்லத்து அம்மா ஒரு பங்குத் துண்டைக் கைக்குட்டையால் துடைத்து, வளைத்துப் பார்த்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதுல செஞ்சு குடுங்க" என்றார் எழுந்துகொண்டே. "ஆனா இவரைப் பசை பக்கம் விடாதீங்க."