நன்றியுரைக்கு முன்னால்

அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். வாசலில் ‘அனைவரும் வருக’ என்று பெரிய பலகை வைப்பார்கள். அனைவரும் என்று எழுதியிருந்தாலும் வந்தது என்னவோ மாணவர்கள்தான். அவர்களும் ஆசைப்பட்டு வரவில்லை. வருகைப் பதிவு எடுப்பார்கள் என்று வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து தூங்கி, பிஸ்கட் தட்டு வரும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பேச்சாளரை அழைப்பது, தொடக்க ஜெபத்துக்குப் பாதிரியாரைப் பிடிப்பது, நாற்காலி போடுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழும். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். ஊரும் பல்கலைக்கழகமும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் சலவைக் கடை வைத்திருந்த சொந்த அண்ணியையே அவளால் உள்ளே கூட்டிவர முடியவில்லை. பட்டமளிப்பு அங்கிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவள் அண்ணிதான். கூப்பிட்டால், அங்கே பேசுவது தனக்குப் புரியாது, புரிந்த மாதிரி தலையாட்டவும் வராது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் துணைவேந்தர் அழைத்தார். கோபக்காரர் அல்ல, பொய் பிடிக்காதவர். பொதுமக்களே வராத கூட்டத்துக்குப் பொதுச் சொற்பொழிவு என்று பேர் வைப்பது பொய் இல்லையா என்று கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊர் வராவிட்டால் அதுதான் கடைசி, நன்றியுரையில் அதை நானே அறிவித்துவிடுவேன் என்றார். வந்தாலும் ஒரு தடவை வேடிக்கை பார்க்க வந்தது கணக்கில் சேராது, அவர்களுக்கு இது வேண்டும் என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த மாதம் பேச வேண்டியவரோ இறையியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் முன்னுரை. அவர் பேச்சில் முன்னுரை முடிவதற்குள் மணி அடித்துவிடும். தலைப்பு மன்னிப்பு.

இரண்டு நாள் மைக் அக்கா அதே யோசனையாகத் திரிந்தாள். எல்லாக் கூட்டத்திலும் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. பேச்சு நீண்டுபோய், ‘நேரமின்மை காரணமாக’ என்று சொல்லி அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதைத் தூக்கி முன்னால் வைத்தால் என்ன? முதலில் ஊர் கேட்கட்டும், பேராசிரியர் அதற்குப் பதில் சொல்லட்டும். அவரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்னுரை இல்லாமல் பேசித் தனக்குப் பழக்கமில்லை, ஆனால் முயற்சி பண்ணலாம் என்றார்.

அன்றிலிருந்து அவள் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பேக்கரி, முடிதிருத்தும் கடை, பேருந்து ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். மன்னிப்பைப் பற்றி உங்களுக்கு என்ன கேட்கணும் என்று கேட்டால் போதும், சும்மா கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பணம் தின்ற பங்காளி, போய்ச் சேர்ந்த மாமியார், பேசாமல் இருக்கும் மகன் என்று கொட்டித் தீர்த்தார்கள். அண்ணி மட்டும் வாயைத் திறக்காமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மைக் அக்கா கிளம்பும்போதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டு, யாரிடமும் என் பேரைச் சொல்லாதே என்றாள்.

இங்கேதான் மைக் அக்கா ஒரு காரியம் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். மேடையில் துணைவேந்தர் இருப்பார், இப்படிப் பச்சையாகவா கேட்பது என்று அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. எல்லாக் கேள்விகளுக்கும் கோட்டும் சூட்டும் மாட்டி, டை கட்டி, தட்டச்சு செய்து வைத்தாள். முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

கூட்டத்தன்று அரங்கம் நிரம்பிவிட்டது. பேக்கரிக்காரர் மாவு படிந்த சட்டையோடு வந்திருந்தார். ஓட்டுநர்கள் சீருடையிலேயே வந்து ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மாணவர்கள் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள், நிற்பதால் தூங்கவும் முடியவில்லை. நடுவில் அண்ணி இருந்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டி, மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள்.

தொடக்க ஜெபம் முடிந்தது. மைக் அக்கா முதல் கேள்வியைப் படித்தாள்: “வாய்மொழி மன்னிப்புக்கும் அகநிலை மன்னிப்புக்கும் இடையிலான முரண்பாட்டை விளக்குக.”

அடுத்ததைப் படித்தாள். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது, இரண்டு பேர் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். பேராசிரியர், பழக்க தோஷம், முன்னுரைக்காகத் தொண்டையைக் கனைத்தார். துணைவேந்தர் நன்றியுரைக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

அப்போது அண்ணி எழுந்தாள்.

“இதுல என் கேள்வி எது?”

மைக் அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, ஊர் சொன்னதை ஊருக்கே புரியாமல் செய்து வைத்திருக்கிறோமே என்று உறைத்தது. வெட்கத்தில் ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. காகிதத்தை மேசையில் கவிழ்த்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள்.

“முதல் கேள்விதான் அண்ணி. நான்தான் கெடுத்துட்டேன். நீங்களே கேளுங்க,” என்று மைக்கை நீட்டினாள்.

அண்ணி மைக்கை இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்தாள்.

“எங்கக்கா எனக்கு ஒரு கெடுதல் பண்ணினா. அப்புறம் வந்து அழுதா. மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா இன்னைக்கும் அவளைப் பார்த்தா வயிறு எரியுது. அப்ப நான் சொன்னது பொய்யா?”

போனவர்கள் கதவருகே நின்றார்கள். பேராசிரியர் தன் முன்னாலிருந்த கத்தைக் காகிதங்களைப் பார்த்தார், அதைத் தள்ளி வைத்தார். மேடையின் ஓரத்துக்கு வந்து, படியில் உட்கார்ந்துகொண்டார்.

“பொய் இல்லம்மா. எனக்கும் எங்கண்ணனுக்கும் இதே கதைதான். வாய் முன்னாடி போய்ச் சேர்ந்துடுச்சு, மனசு பின்னாடி நடந்து வந்துட்டிருக்கு. வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் வரும். வரட்டும். வாய் கொடுத்த வாக்கை மட்டும் திரும்ப வாங்கிடாதீங்க.”

அண்ணி தலையாட்டினாள். புரிந்த மாதிரி தலையாட்டத் தெரியாதவள் அவள். புரிந்துதான் ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதற்குள் கடிகாரம் பார்த்த ஓட்டுநர் எழுந்துவிட்டார். “ஐயா, மனசு பாதி வழியிலேயே இறங்கிடுச்சுன்னா?”

“அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடுங்க. உங்க கையிலதானே இருக்கு,” என்றார் பேராசிரியர்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்த மனிதர் இத்தனை வருடம் எங்கே இருந்தார் என்று மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மைக்குக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். பேக்கரிக்காரர் கேட்டதற்குப் பேராசிரியர், எனக்குத் தெரியவில்லை என்றார். முடிதிருத்துபவர் தனக்கு நடந்ததைச் சொன்னார், அதற்கு ஒரு மாணவி எதிர்வாதம் வைத்தாள், பாதிரியார் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். மைக் அக்கா ஓடி ஓடி மைக்கைக் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவளுக்கு மூச்சு வாங்கியதே இல்லை.

நேரம் ஆகிவிட்டது. துணைவேந்தர் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். அவருக்கு எதிரே வரிசை கதவு வரைக்கும் நின்றது. வேடிக்கை பார்க்க வந்தது கணக்கில் சேராது என்று அவர் சொன்னது மைக் அக்காவின் காதில் ஒலித்தது.

“நன்றியுரை,” என்று ஆரம்பித்தார்.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் நகரவே இல்லை. “நன்றி இருக்கட்டும் ஐயா. நான் இன்னும் கேட்கலையே. இத்தனை பேர் நிக்கிறோம்.”

அவள் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. துணைவேந்தர் அந்த வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், மனதில் வந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

“நீங்க யாரும் கலைஞ்சு போயிடாதீங்க. அடுத்த மாசம் இதே வரிசையில இருந்து ஆரம்பிக்கலாம்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. திரும்பி மைக் அக்காவைப் பார்த்தார். அவள் கைதட்டவில்லை, கைதட்ட அவளுக்குக் கையே ஓடவில்லை. ஊர்தான் தட்டியது.