நிழலில் காயாத தார்

நன்றாக இருக்கிற ரோட்டுக்கு எதற்கு மறுபடியும் தார் என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். மேஸ்திரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கிய பிறகு செய்வது வைத்தியம். விழுவதற்கு முன்பே மேலே ஒரு பூச்சு தெளித்துவிட்டால் அந்த ரோடு இன்னும் சில வருடம் தாங்கும். இதை வெயிலில் நின்று எத்தனை பேருக்குச் சொல்வது?

தெளிப்பது எமல்ஷன். தண்ணீரோடு கலந்த தார். விழும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் போய்த் தார் ஒட்டிக்கொண்டதும் கறுத்துவிடும். அதுவரை அதை ரோடு என்று நம்பக்கூடாது. சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறைத் தரைதான் அது.

சரிவு ரோட்டின் மேட்டில் மேஸ்திரி குனிந்து கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். விரல் சுத்தமாக வந்தது.

"உங்க சட்டைய விட ரோடு சுத்தமா இருக்கு மேஸ்திரி. தடுப்ப எடுத்துடலாமா?" என்றான் காக்கா. தெளிப்பு லாரி ஓட்டுகிறவன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு கிடைத்த பெயர் அது.

வானம் மூட்டம் போட ஆரம்பித்திருந்தது. சாமான்களை ஏறக்கட்டும் அவசரம். வழக்கமாகச் சரிவின் கீழ்வளைவிலும் ஒரு தடவை விரல் வைத்துப் பார்ப்பவர், இன்று மேட்டோடு நிறுத்திக்கொண்டார். "எடுத்துடு" என்றார். தடுப்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டு லாரி சுற்றுவழியாகக் கீழே இருந்த கொட்டகைக்குப் போனது.

மேஸ்திரி அங்கே போய் இறங்கியதும் மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, ரோடு தொறந்தாச்சாமே? பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு அந்த வழியா வந்துடறேன்."

"வா" என்றார்.

சரிவின் அடிவாரத்தில் விட்டுவந்த எச்சரிக்கைப் பலகை ஞாபகம் வந்தது. எடுக்கப் போனவர் அப்படியே சரிவில் கொஞ்சம் ஏறினார். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து, பட்டப்பகலிலும் வெளிச்சம் விழாத வளைவு. செருப்பு ஒருமுறை வழுக்கியது. காலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் பழுப்பு.

வெயில் பட்ட மேட்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு ரோடு முழுவதையும் திறந்துவிட்டிருக்கிறார்.

மனைவிக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டர் ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். எடுக்காதே என்று சண்டை போட்டுப் பழக்கியதே அவர்தான்.

"காக்கா! கீழ தடுப்பப் போடுடா! மேல தூவ மணல் கொண்டா!" என்று கத்திவிட்டு ஓரத்து மண்ணில் கால் பதித்து மேலே ஓடினார். வளைவு திரும்பியதும் பழுப்பின் மேல் ஒல்லியான ஒரு டயர் கோடு தெரிந்தது. நேராக வந்து, நெளிந்து, ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்துப் போயிருந்தது. அந்தக் கோட்டின் முடிவைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கண்தான் பார்த்தது.

ஸ்கூட்டர் படுத்துக் கிடந்தது. பக்கத்துப் புல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. குழந்தையின் வெள்ளைச் சாக்ஸ் முழுக்கப் பழுப்பு. அது அழவில்லை. அழாமல் இருந்ததுதான் அவரை உலுக்கியது.

"பாப்பா..."

"அப்பா, என் ஷூ எங்க?"

மனைவியின் முழங்கை தோல் உரிந்திருந்தது. "நல்லவேளை, மெதுவாத்தான் வந்தேன்" என்றாள். "எந்தப் புண்ணியவான் இத தொறந்து விட்டது?"

அவர் வாய் திறப்பதற்குள் மேலே ஒரு ஹாரன். பஸ்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு மேலே ஓடினார். காய்ந்து கறுத்த இடத்திலேயே நிறுத்தினால்தான் பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்கும். நடுரோட்டில் நின்று சட்டையை வீசிக் காட்டினார். பஸ் அவர் முகத்தில் சூடு அடிக்கிற தூரத்தில் வந்து நின்றது. மழையின் முதல் சொட்டு தோளில் விழுந்தது.

"சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? ரோடு ஜம்முனு காஞ்சு கெடக்கு!" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"கீழ காயல."

"காயாத ரோட்ட எவன்யா தொறந்தது?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி ஓரமாக ஏறி வந்திருந்தாள். அவர் பதிலுக்காக அவளும் நின்றாள்.

"நான்தான்" என்றார்.

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மழை வலுத்தது. மரத்தடியிலிருந்து காயாத பூச்சு கரைந்து பழுப்புத் தண்ணீராகக் கீழே இறங்கத் தொடங்கியது.