தலைவர் காதில் ஒன்றரை முழக் குழாய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் லட்லோ ஊருக்கு வெளியே ஒரு பப், அதன் கார் நிறுத்துமிடம். எழுபதைத் தாண்டிய ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். ஒன்றரை முழ ரப்பர் குழாயின் ஒரு முனை அவர் காதில். கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, ரெண்டும் ஒரே மூச்சு" என்று அறிவித்தார். அதே நொடியில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் மழை வருமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

"கார்பரேட்டர் என்பது என்ஜினின்—" (வேண்டாம். பரீட்சை வாடை அடிக்கிறது.)

"ஷ்ராப்ஷயரின் பச்சைக் குன்றுகள் மேல் மேகங்கள்—" (சுற்றுலாத் துறைக்கு அனுப்பலாம்.)

"க்ளைவ் ஆலரன்ஷாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அது அவருக்கு மட்டும்தான் தெரியும்." (இது இருக்கட்டும்.)

2

க்ளைவ் பழைய கார் சங்கத்தின் தலைவர். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர், கார்கள் இருபத்தாறு, அவற்றில் ஓடுபவை ஒன்பது. அந்த ஒன்பதில் அவருடைய சிவப்பு எம்.ஜி. காரும் ஒன்று. பெட்ரோலில் காற்றைக் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் கார்பரேட்டர்கள் அதில் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று அதிகம் இழுத்தால் என்ஜின் நொண்டும். குழாயின் ஒரு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டு 'ஸ்ஸ்'ஸும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும்.

ட்ரெவர் என்ற உறுப்பினர் இதற்கென்று ஒரு காற்றுமானி வாங்கி வைத்திருக்கிறார். சங்க இதழில் 'தலைவரின் செவி' என்ற பத்தியில் க்ளைவ் அந்தக் காற்றுமானியை நான்கு முறை கேலி செய்திருக்கிறார். நான்கு முறையும் பெயர் சொல்லாமல், ட்ரெவரின் கார் எண்ணை மட்டும் சொல்லி.

ஆண்டுதோறும் ஜூன் ஞாயிறு ஒன்றில், பப் வாசலில், ஓடும் என்ஜினின் மேல்மூடியில் ஒரு பழைய பென்னி நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார்கள். நாணயம் விழாத காருக்குரியவர் அன்றைய ஊர்வலத்தில் முதலில் போவார். பதினோரு வருடமாக முதலில் போவது க்ளைவ்.

ஆனால் இரண்டு வருடமாக அவருக்கு அந்த 'ஸ்ஸ்' கேட்கவில்லை. பழைய கணக்குப்படி ஒன்றரைத் திருகு, கால் திருகு என்று மனப்பாடமாகத் திருப்பி ஒப்பேற்றுகிறார். கேட்காத இன்னொன்று, மனைவி க்ளெனிஸின் குரல். அதற்கு அவர் கண்டுபிடித்திருக்கும் காரணம், க்ளெனிஸ் முணுமுணுக்கிறார் என்பது. இரண்டு வருடமாக, நாளைக்கு நாலு தடவை, "முணுமுணுக்காதே, க்ளெனிஸ்!"

ஆக, காது போனதை ஒப்புக்கொண்டால் தலைமைப் பதவி மட்டும் போகாது. இரண்டு வருட முணுமுணுப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். எது பெரிய ஆபத்து என்பதைக் கல்யாணமான வாசகர்கள் அறிவார்கள்.

3

சனிக்கிழமை காலை, கராஜ். என்ஜின் குளிரில் நனைந்த நாய்போல உதறிக்கொண்டிருந்தது. மனப்பாடத் திருகுகள் எதுவும் பலிக்கவில்லை. க்ளைவ் பின் கார்பரேட்டரின் வாயில் குழாயை வைத்து, கண்ணை மூடினார். (கேட்பதற்காக அல்ல, கம்பீரத்துக்காக.)

டீக் கோப்பையோடு வந்த க்ளெனிஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, கார்பரேட்டர் வாயிலிருந்த குழாய் முனையை மெதுவாக எடுத்துத் தன் வாயருகே கொண்டுபோய்க் கிசுகிசுத்தார்:

"க்ளைவ், நான் ட்ரெவரோட ஸ்பெயினுக்கு ஓடிப்போறேன்."

க்ளைவ் கனமாகத் தலையாட்டினார். "ம்ம். பின்னாடி கொஞ்சம் அதிகமா இழுக்குது. கால் திருகு குறைக்கணும்."

"பூனையையும் கூட்டிட்டுப் போறேன்."

"இப்ப சரியாயிருச்சு!" என்று கண்ணைத் திறந்தவர், குழாய் முனை மனைவியின் கையில் இருப்பதைப் பார்த்தார்.

(இங்கே நான் ஒரு வாரம் நின்றேன். இப்படியும் ஒரு மனைவி செய்வாரா என்று என் நண்பர் கேட்டார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.)

"எத்தனை நாளா?" என்று குரலை உயர்த்திக் கேட்டார் க்ளெனிஸ்.

"நீ முணுமுணுத்தா யாருக்குத்தான்—"

"காதுக்குள்ள குழாய விட்டுப் பேசினாலுமா, க்ளைவ்?"

க்ளைவ் டீயைக் குடித்தார். ஆங்கிலேயர்களுக்கு இந்த வசதி உண்டு.

"மூடி ரெண்டும் மாறிப்போச்சு" என்றார் கடைசியில். கார்பரேட்டர் தலையிலுள்ள குமிழ் மூடியும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் சோடி. ஒன்றின் மூடி மற்றதன் பிஸ்டனுக்குப் பொருந்தாது, சிக்கும். இதையும் க்ளைவ் தன் பத்தியில் மூன்று முறை எழுதியிருக்கிறார். "முகம் தெரியணும்னு கழட்டிப் பாலிஷ் போட்டுட்டிருந்தேன். நீ வந்து தோளைத் தொட்ட. தூக்கிவாரிப்போட்டு ரெண்டும் உருண்டிருச்சு. எது எதுன்னு தெரியல."

"சாப்பிட வான்னு மூணு தடவை கூப்பிட்டேன். அப்புறம்தான் தொட்டேன்."

"தெரியும்" என்றார் க்ளைவ். பிறகு, "இல்ல, தெரியாது" என்று திருத்திக்கொண்டார்.

க்ளெனிஸ் நாற்பது வருடம் பிரசவ விடுதியில் மருத்துவச்சி. (முதல் வரைவில் பியானோ டீச்சராக வைத்திருந்தேன், பியானோ டீச்சருக்கு இந்தப் பொறுமை இருக்காது.) மரக்குழல் வைத்து வயிற்றுக்குள் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்ட காது. என்ஜினை நிறுத்தி, மூடிகளை மாற்றிப் போட்டு, பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டார். இரண்டும் சிக்காமல் 'டக்'கென்று இறங்கின. க்ளைவ் மறுபடி என்ஜினைக் கிளப்பியதும், குழாயை வாங்கிக் காதில் வைத்தார்.

"முன்னாடி உள்ளது பரவால்ல. பின்னாடி உள்ளது சோம்பேறி. திருப்பு. இன்னும். ஏய், போதும், போதும்!"

என்ஜின் உதறலை விட்டுச் சீராக உறுமியது. அது க்ளைவுக்கும் காலில் தெரிந்தது.

"நாளைக்கு யார் பண்ணினதுன்னு கேட்டா?" என்றார் க்ளெனிஸ்.

"சொல்லிடறேன்."

"சத்தமா?"

"சத்தமா."

4

(எடுத்துவிட்டேன். கார்பரேட்டரின் வரலாறு. எனக்கே தூக்கம் வந்தது.)

5

ஞாயிறு. பென்னி நின்றது. முப்பது பேரும் குனிந்து பார்த்தார்கள். ட்ரெவர் காற்றுமானியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "தோத்துட்டேன் தலைவரே! காதுன்னா அது உங்க காதுதான். இந்தத் தடவையும் திருகினது நீங்களேதானா?" என்றார்.

க்ளைவ் வாயைத் திறந்தார்.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார், எல்லோரும் கண்கலங்கிக் கைதட்டுகிறார்கள். (அந்த பப்பில் குலுக்கல் பரிசுக்கு மட்டும்தான் கைதட்டுவார்கள்.)

முடிவு ஆ: பொய் சொல்கிறார், உடனே பென்னி விழுகிறது. (என்ஜினுக்கு ஒழுக்கம் கிடையாது. யார் சொன்ன பொய்க்கும் நன்றாகவே ஓடும்.)

முடிவு இ: அவர் வாயைத் திறந்த நேரத்தில், பக்கத்தில் நின்ற க்ளெனிஸ், உதடு அசைவது தெரியாமல், மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறார். "போகட்டும், விடு" என்றிருக்கலாம். "சத்தமா" என்றிருக்கலாம். ஸ்பெயின் பற்றியும் இருக்கலாம். க்ளைவ் முன்னால் இரண்டு வழிகள். கேட்டதுபோலக் கனமாகத் தலையாட்டலாம். அல்லது, முப்பது பேர் முன்னிலையில், இரண்டு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்கலாம்: "என்ன சொன்ன, க்ளெனிஸ்? எனக்குக் கேக்கல."

எனக்குப் பிடித்தது இ. ஆனால் க்ளைவ் எதைச் செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இவ்வளவு நேரம் கண்ணை மூடி, ஒரு நல்ல வாசகருக்குரிய கம்பீரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குழாயின் ஒரு முனை உங்கள் காதில் இருக்கிறது.

தலையாட்டுவதற்கு முன் கண்ணைத் திறந்து, மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.