களனிக் கரைக் கிட்டங்கி

மட்டக்குளியில், களனி கங்கை கடலைத் தொடப்போகும் இடத்தில், கொப்பரா அடுக்கி வைக்கக் கட்டிய அந்தப் பழைய கிட்டங்கி பாழடைந்து கிடந்தது. அதைப் பாதுகாக்க வேண்டுமா, இடிக்கலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை கட்டடக்கலைஞரான சுபோதினிக்கு வந்திருந்தது. வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே அவள் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. காணியை வாங்கி, அவளை இந்த வேலைக்கு அமர்த்தியிருந்த கிருஷ்ணராஜ் காலையிலிருந்து போன் எடுத்தபடி இருந்தார்.

"தங்கச்சி, ஒரு பெறுமதியும் இல்லையெண்டு எழுதினால் காணும். தொடர்மாடி வீடு கட்ட எல்லாம் ரெடி."

"பாக்காமல் என்னெண்டு அண்ணை எழுதுறது?"

உள்ளே போனதும் அசந்து நின்றுவிட்டாள். வள்ளங்களில் சரக்கு ஏற்றி இறக்கிய வளைவு வாசல்கள் ஆற்றைப் பார்த்தபடி இருந்தன. தலைக்கு மேலே, ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிய தேக்கு விட்டங்கள். இதை இடிக்க விடக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்தாள்.

பின்பக்கத்தில் டோரின் இருந்தாள். வெள்ளத்தில் வீடு போனபின் கணவனோடு அங்கே குடிவந்து, தையல் மெஷினை வைத்துப் பிழைப்பவள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். ஆற்றுச் சுவரோரம்தான் அவர்கள் கட்டில். அதற்கு மேலே ஒரு வெடிப்பு. சுபோதினி கையை விட்டாள், மணிக்கட்டுவரை போனது.

"மழைக்குப் பொறகு பெருசாயிருச்சு மிஸ்" என்றாள் டோரின்.

ஆபத்து என்று சொன்னால் கிருஷ்ணராஜ் அதையே பிடித்துக்கொண்டு முழுவதையும் இடித்துவிடுவார். சொல்லாவிட்டால்? வெளியே வந்தாள். உள்ளே போனாள். மறுபடி வெளியே வந்தாள். கங்கை செம்மண் நிறத்தில் அத்திவாரத்தை மோதிக்கொண்டிருந்தது.

"டோரின், இப்பவே வெளிய வாங்கோ. சுவர் நிக்காது."

"நீங்களும் அவர் அனுப்புன ஆளுதானே? எங்களக் கெளப்பத்தான் வந்திருக்கீங்க."

சுபோதினி தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். டோரின் திட்டிக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்தாள்.

கட்டிலைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. பின்னேர மழை அடித்து ஊற்றியபோது ஆற்றுச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. தெருவில் நின்ற டோரின் சுபோதினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுவர் விழுந்ததைக் கேட்டதும், போனில் கிருஷ்ணராஜின் குரலில் சந்தோஷம் மறையவில்லை. "இனி எழுத என்ன கிடக்கு?"

"மூண்டு சுவரும் பாதிக் கூரையும் கிடக்கு அண்ணை. முட்டுக் குடுத்தால் நிக்கும். பெறுமதியான கட்டடம் எண்டுதான் எழுதப்போறன். குடியிருந்த ஆக்களுக்கு இடம் குடுக்கோணும் எண்டும் எழுதுவன்."

அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் அறிக்கையை நேரே அரசாங்கத்துக்கு அனுப்பினாள். இடிக்கத் தடை வந்தது. டோரினுக்கு இடம் கொடுப்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒழுங்கை ஒழுங்கையாக வீடு தேடி அவளோடு அலைந்து, கடைசியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள் சுபோதினி.

"கட்டடத்துக்கு மட்டும் முட்டுக் குடுக்க ஆளுங்க வந்துட்டாங்க மிஸ்" என்றாள் டோரின், கோபமில்லாமல்.

அன்று வெள்ளவத்தை பஸ்ஸில் சீட் கிடைத்தும் சுபோதினியால் உட்கார முடியவில்லை.