இரண்டிலும் ஒரே எண்

1
இந்தக் கதை ஒரு மீட்டரில் பிறந்தது. மரக்காணத்தில் ஒரு வேனின் ஸ்டியரிங்குக்கு அருகே இரண்டு சிவப்பு எண்கள் எரிந்தன. இரண்டும் ஒரே எண். ஒற்றுமை என்று நினைத்தேன். மடத்தனம்.

முதல் தொடக்கம்: 'உப்புப் பாத்திகளின் மேல் வெயில்' (வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

2
வேன் ஜெயப்பிரகாஷுடையது. அதில் இரண்டு பேட்டரி. ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது நுரையீரல் கெட்ட மரியதாஸின் ஆக்சிஜன் மெஷினுக்கு. வண்டி ஓடினால் இரண்டுக்கும் சார்ஜ் ஏறவேண்டும். ஏறுகிறதா என்று பார்க்கத்தான் இரண்டு வோல்ட் மீட்டர்; ஏறினால் பதினாலு காட்டும். வாராவாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மரியதாஸின் மனைவி சகாயமேரி கேட்பாள். ஜெயப்பிரகாஷ் எண்ணைப் படிப்பான்.

(அவனைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். பொய். மீட்டரைவிட்டுக் கண்ணெடுக்காதவன். அதுதான் கொடுமை.)

3
வழக்கமாக வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பான். இன்று காலை கிளப்பும்போதே பார்த்தான். மரியதாஸ் இன்னும் வீட்டுக்குள், கால் மணி நேரம் தாங்கும் சின்ன சிலிண்டரில். மெஷின் வேனில் ஓடுகிறது. செல்ஃப் அடித்ததும் முதல் எண் பத்துக்கு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது.

கை சாவியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் தொடர்பே கிடையாது.

சீட்டைத் தூக்கினான். இரண்டாவது மீட்டரின் ஒயரும் எஞ்சின் பேட்டரியில்தான் இருந்தது. ஏழு மாதம் முன்பு அவனே மாட்டியது. மெஷின் பேட்டரியின் முனை உப்புக்காற்றில் அரித்துப் பச்சை பூத்திருந்தது, எஞ்சின் பேட்டரியின் முனை பளபளவென்றிருந்தது, எல்லாம் ஒரே கரண்டுதானே என்று மாட்டிவிட்டான். அன்றிலிருந்து ஒரே பேட்டரியை இரண்டு முறை பார்த்திருக்கிறான்.

ஒயரை இடம் மாற்றினான். எஞ்சின் ஓடியும் 11.2. சார்ஜ் ஏறவில்லை. எப்போது நின்றது? எந்த மீட்டரும் சொல்லாது.

4
முடிவு ஒன்று: முனையைச் சுரண்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல்

(வாக்கியம் நின்றுவிட்டது. சகாயமேரி அவன் பின்னால் நிற்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.)

"இன்னா தம்பி, எவ்ளோ காட்டுது?"

"பதினொண்ணு ரெண்டுக்கா."

"எப்பவும் பதினாலு சொல்லுவியே."

"அது வேற பேட்டரிக்கா. தப்பா மாட்டிட்டேன்."

"போன வாரம் அனுமந்தையில வண்டிய ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சியே. இவுரு மூக்குல ட்யூபோட தூங்கினு இருந்தாரு. ஃபுல்லா இருக்குதுக்கான்னு சொன்ன. அப்ப எவ்ளோ இருந்துச்சு?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. 'தெரியாதுக்கா' என்ற ஒற்றைச் சொல்லை மூன்று முறை அவன் வாயில் வைத்துப் பார்த்தேன். அவன் சீட்டை இறக்கி வைத்தான்.

"கெளம்பலாமா?" என்று உள்ளேயிருந்து மரியதாஸ்.

சகாயமேரியின் கை வேன் கதவில். திறக்கிறாளா, சாத்துகிறாளா: வினைச்சொல்லை நீங்கள் போடுங்கள்.

நீங்கள் யோசிப்பதற்குள் மீட்டரில் 11.1.