போர்வை காய்ந்த பாத்தி

கீலுங் நகரத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் மழை பெய்யாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டுக் குடியிருப்பை ஒட்டிய பொதுத் தோட்டத்தில், இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு இருந்த பான் தியென்ஷெங்கின் வெங்காயப் பாத்திதான் அது. நவம்பரில் வடகிழக்குக் காற்று வழக்கம்போல மழையைக் கொண்டுவந்து ஊர்மேல் கொட்டியபோது, அந்தப் பாத்திமேல் மட்டும் வெயில் அடித்தது. காலையில் வந்து மாலையில் போகிற சாதாரண வெயில். சுற்றியிருந்த கீரைப் பாத்திகளில் தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் இவருடைய மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் முதல் வாரம் குடையோடு வந்து பார்த்தார்கள். அடுத்த வாரம், இது தெற்கே ஹெங்சுன் பக்கத்து வெயில், பான் தியென்ஷெங்கைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது என்று தீர்மானம் செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பான் ஹெங்சுன்காரர். அவர் குடும்பத்துக்கு அங்கே வெங்காய வயல் உண்டு. வாலிபத்தில் கப்பலில் சரக்கு ஏற்ற வந்தவர், சியூலுவான் என்ற கீலுங் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இப்போது அவருக்கு மீன் சந்தையில் வேலை. எங்கள் சந்தை இரவில் நடப்பது. அதனால் அவர் பகலில் தூங்குவார். அந்தக் கோடையில் சியூலுவான் இறந்துபோனாள். மலைமேல் இருக்கிற அஸ்திக் கோபுரத்தில் அவளுக்கு ஒரு மாடம் வாங்கி வைத்தார். துக்கம் கேட்கக் கூப்பிட்ட தம்பி, அதே மூச்சில் ஊருக்கு வந்துவிடச் சொன்னார். தம்பிக்கு முதுகு போய்விட்டது, வயலுக்கு ஆள் இல்லை. ஆனால் சியூலுவான் சாவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: சாம்பலாகக்கூட என்னைத் தெற்கே கொண்டுபோகாதே. கல்யாணமான புதிதில் அங்கே போய்த் தோல் உரிந்து திரும்பியவள் அவள். தம்பியிடம் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, பெண்டாட்டியை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே பானும் செய்தார். கடல்தாய் கோயிலில் நின்று, போனில் தம்பியைச் சாட்சி வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டார். ஏப்ரல் தொடக்கத்தில் வருகிற கல்லறைத் திருநாளுக்குள் கீலுங் மண்ணில் வெங்காயம் திரண்டால் இங்கே இருப்பது. திரளாவிட்டால் ஊருக்குப் போவது. கீலுங் மழையில் வெங்காயமா என்று தம்பி சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம். தோட்டத்துக் கூட்டத்தில் பானே எழுந்து இதைச் சொன்னதால் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

பகலில் வர முடியாதவர்களின் பாத்தியைத் தொண்டர்கள் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். பானின் பாத்தி யூன்ஜென்னுக்கு வந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண். படிப்பு முடித்திருந்தாள். அம்மா அவளை அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படி என்று உட்காரவைத்திருந்தாள். அந்தப் புத்தகங்களிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் தோட்டத்துக்குத் தொண்டு செய்ய வந்தாள். கொட்டுகிற மழையில், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பூவாளியில் தண்ணீர் சுமந்து போய் ஒரு பாத்திக்கு ஊற்றுகிற காட்சியைப் பார்த்து மாடியில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஒங்க பொண்ணுக்குத்தான் வேலை கெடைச்சிருச்சே, வெயில் இலாகாவுல" என்று அம்மாவைக் கேலி செய்தார்கள். யூன்ஜென்னுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. தான் வந்து நின்றதால் ஒன்று வளர்கிறது என்பது அவளுக்கு அதுவரை நடக்காத காரியம். டிசம்பரில் தாள் முழங்கால் உயரம் நின்றது. இந்த மாமா இங்கேயேதான் இருக்கப்போகிறார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

முதல் போர்வையைக் கொண்டுவந்தது காலைப் பலகாரக் கடை கோ அக்கா. நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் ஊரில் போர்வை காயாது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பீரோவுக்குள் சட்டை பூஞ்சை பிடிக்கும். ஈரத்தில்தான் படுப்போம், ஈரத்தில்தான் எழுந்திருப்போம். உலர்த்துகிற மிஷினில் போட்டு எடுத்தாலும் வீட்டுக்கு வருவதற்குள் பழையபடி ஈரமாகிவிடும். கோ அக்காவின் பேத்திக்கு மூச்சிரைப்பு.

"அரை மணி நேரம் போதும்டி யூன்ஜென். சின்னப் போர்வைதானே. வெங்காயம் என்ன கோவிச்சுக்கவா போகுது?"

யூன்ஜென் மூங்கில் கழி இரண்டை நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தாள். அன்று இரவு குழந்தை இரைப்பு இல்லாமல் தூங்கியது. அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். பிறகு வரிசை வந்தது. போர்வை வந்தது, கணவாய் மீன் வந்தது, பள்ளிக்கூட ஷூ வந்தது. புத்தாண்டு நெருங்கி, வீடு கழுவிப் போர்வை துவைக்கிற வாரங்களில், காலையிலிருந்து மாலைவரை அந்தப் பாத்திமேல் ஒரு விரல் வெயில்கூடத் தரையில் விழவில்லை. அவள் அம்மாவே தலையணை உறைகளைக் கொண்டுவந்து வரிசையில் நின்றாள். திங்கட்கிழமை மட்டும் கழியும் கயிறும் காணாமல் போகும். அன்றைக்குச் சந்தைக்கு விடுமுறை, பான் பகலில் வருவார். மறைக்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் இல்லாமல் வெங்காயம் திரளாது என்பது யூன்ஜென்னுக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும், இன்றைக்கு மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்குவாள். கீழே ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது சிரித்தபடி நிற்பார்கள். அவளால் சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை பான் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தார்.

"தாளு நல்லாத்தான் இருக்கு. காய் திரளலையே. மண்ணு சரியில்லையோ?"

"இன்னும் நாள் இருக்கு மாமா" என்றாள் அவள். அந்த வார்த்தையை நினைத்து அவள் பிற்பாடு அழுத அழுகைக்கு அளவில்லை.

மார்ச் கடைசியில், தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்க, பான் வெங்காயத்தைப் பிடுங்கினார். ஒன்றுகூடத் திரளவில்லை. சுண்டுவிரல் தண்டாக வந்தது, அவ்வளவுதான். பிடுங்கியதை எறிய மனமில்லாமல், சந்தை மீனைப் போட்டுப் பெரிய பாத்திரத்தில் சூப் வைத்து, கொட்டகைக்குள் எல்லோருக்கும் ஊற்றினார்கள். பான் ஒரு தண்டைக் கடித்து மெதுவாக மென்றார். பாச்சை உருண்டை வாசனை வந்தது. இன்னொன்றைக் கடித்தார். அதில் குழந்தைப் பவுடர் வாசனை. அடுத்ததில் யாரோ தேய்த்துக்கொண்ட வலித் தைலம்.

"இது யாரோட போர்வை?" என்று கேட்டார்.

எல்லோரும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள். கோ அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். யூன்ஜென்தான் எழுந்து நின்றாள்.

"எல்லாரோடதும் மாமா. நான்தான் கயிறு கட்டிக் குடுத்தேன்."

"நல்லா காஞ்சுச்சா?"

"காஞ்சுச்சு."

"ம்" என்றார் பான். மிச்சச் சூப்பைக் குடித்து முடித்தார்.

அவர் கத்தியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் கோ அக்கா முன்னால் நின்று எல்லோரையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேண்டுதலில் போர்வையைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் இந்த வருஷத்துக் கணக்கு செல்லாது, இன்னொரு வருஷம் பார்க்கலாமா என்று கடல்தாயிடம் கேட்டுப் பிறைக் கட்டைகளைப் போட்டார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்து விழுந்தன. தெய்வம் சிரிக்கிறது என்று அதற்குப் பொருள். மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் சிரித்தது. மூன்றாவது தடவையும் சிரித்தபோது பான் கட்டைகளை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, டிக்கெட் எடுக்கப் போனார். தெய்வத்திடம் கொடுத்த வாக்கை மழுப்புகிற ஆள் இல்லை அவர்.

ரயில் நிலையத்துக்கு யூன்ஜென் மட்டும் போனாள். மற்றவர்களுக்கு அவரைப் பார்க்க முகம் இல்லை. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் பான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாசம் ஒருவாட்டி கோபுரத்துல அவளப் போய்ப் பாத்துக்கம்மா. நான் ஊருக்குப் போறதச் சொல்லல. சந்தைக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். ரயில் கிளம்பியபோது மேட்டுத் தோட்டத்தில் இருந்த வெயிலும் இறங்கி வந்து, அவர் ஏறிய பெட்டிமேல் சேர்ந்துகொண்டது. அந்தப் பெட்டியின் கூரையிலிருந்து ஆவி எழும்பியது. உள்ளே ஜன்னலோரம் இருந்தவர்கள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பாத்தியில் அன்று மத்தியானமே மழை விழ ஆரம்பித்தது, இப்போது அதில் நீர்க்கீரை போட்டிருக்கிறார்கள்.

யூன்ஜென் மாதா மாதம் கோபுரத்துக்குப் போனாள். மாடத்துக் கதவில் சியூலுவானின் பீங்கான் படம் இருக்கும். நேராகப் பார்த்துச் சிரிக்கிற முகம். மாமா சந்தையில் இருக்கிறார், இந்த மாசம் வேலை அதிகம் என்று அவள் சொல்லுவாள். இலையுதிர்காலம் வரைக்கும் அப்படியே சொன்னாள். ஒருநாள் அதைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் மாற்றிச் சொன்னாள்.

"அத்தை, மாமா சந்தையில இல்ல. ஊருக்குப் போயிட்டாரு. இனி வர மாட்டாரு. என்னாலதான்."

படத்தில் இருந்த முகம் அவளைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு, பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறவள்போல மெல்லத் திரும்பிக்கொண்டது. இப்போது அந்தப் படத்தில் பின்னந்தலைதான் தெரிகிறது. கொண்டையும் ஒரு பக்கத்துக் காதும். கோபுரத்து ஊழியர்கள் புதுப் படம் ஒன்று பதித்துப் பார்த்தார்கள், அதுவும் ஒரே வாரத்தில் திரும்பிக்கொண்டது. திசைகாட்டி வைத்துப் பார்த்து, தெற்கு என்று உறுதிசெய்துகொண்டு விட்டுவிட்டார்கள். யூன்ஜென் இன்னும் மாதம் ஒருமுறை போகிறாள். படத்தைத் துடைக்கிறாள், பழம் வைக்கிறாள், பரீட்சையில் தோற்றதையும் கோ அக்கா பேத்தி பள்ளிக்கூடம் போவதையும் அந்தக் கொண்டையிடம் சொல்லிவிட்டு வருகிறாள்.